‘பால் இல்லை’ என்று சொல்வதற்கு முன்னால் பிள்ளையின் வாயைப் பாருங்கள்

பெறுநர்: சிவகங்கை மாவட்ட சுகாதார அலுவலர், மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர், மற்றும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் பிரசவம் பார்க்கும் அரசு, தனியார் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

சாக்கோட்டை, கல்லல் ஒன்றியங்களின் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும், பச்சைப்பிள்ளை மார்பைப் பிடிக்க மாட்டேன் என்கிறது என்று வீடுகளிலிருந்து அழைப்பு வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அப்படிப் போகிற இடங்களில், நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடு, கொத்து வேலைக்குப் போகிறவர் வீடு என்ற வேறுபாடில்லாமல் ஒரே நிலைமையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிரசவமாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது; அதற்குள் அலமாரியில் பவுடர் பால் டின் ஏறியிருக்கும், தாய்க்குக் காம்பு வெடித்துப் புண்ணாகியிருக்கும். இவளுக்குப் பால் இல்லையாம், ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையின் நாக்கைத் தூக்கி அதன் அடியில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது.

உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. பிரசவமான பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்குள்ளும் சுத்தமான விரலை விட்டு, நாக்குக் கட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவையாவது அந்தப் பிள்ளை பால் குடிப்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்ததைத் தாய் சேய் நல அட்டையில் எழுத வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. ஆனால் மேலிருந்து உத்தரவு வராமல், நெருக்கடியான பிரசவ வார்டில் இது நடக்காது என்பதையும் நான் அறிவேன்.

நாக்கின் அடிப்பகுதியை வாயின் தரையோடு இணைக்கும் மெல்லிய மடிப்பு எல்லாருக்கும் உண்டு. சில பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே குட்டையாகவோ, தடித்தோ, நாக்கின் நுனிவரை வந்து ஒட்டியோ அமைந்துவிடுகிறது. நாக்குக் கட்டு என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஆண் பிள்ளைகளிடம் சற்று அதிகமாகக் காணப்படுகிறது. ஒரே குடும்பத்தில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இருப்பதும் உண்டு. பால் குடிக்கிற பிள்ளை காம்பை மட்டும் சப்புவதில்லை. வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கரிய பகுதியில் பெரும்பங்கையும் உள்ளே வாங்கி, நாக்கைக் கீழ் ஈறுக்கு மேலாக நீட்டி, காற்றுப் புகாதபடி அடைத்துக்கொண்டு, அதன்பின் நாக்கின் நடுப்பகுதியைக் கீழே இறக்குகிறது. அப்போது வாய்க்குள் உண்டாகும் வெற்றிடம்தான் பாலை இழுக்கிறது. நாக்கை நீட்டவும் உயர்த்தவும் இயலாத பிள்ளைக்கு இந்தப் பிடி கிடைப்பதில்லை. வழுக்கி வழுக்கி நுனிக்கு வந்துவிடுகிறது. நழுவாமல் இருக்க ஈறால் அழுத்திக் கடிக்கிறது. தாய் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாள்.

அதன் பிறகு நடப்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். பிள்ளை முழுதாகக் குடிக்காததால் மார்பு காலியாவதில்லை. முதலில் பால் கட்டிக்கொண்டு கல்லாகிக் காய்ச்சல் வருகிறது. எடுக்கப்படாத பாலை உடம்பு தொடர்ந்து சுரந்துகொண்டிருக்காது என்பதால், நாளடைவில் சுரப்பே குறைந்துவிடுகிறது. முதல் வாரத்தில் இல்லாத பற்றாக்குறை மூன்றாம் வாரத்தில் உண்மையாகவே வந்து சேர்கிறது. அப்போது, முன்பு ‘பால் இல்லை’ என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள் என்று வீடே நம்பிவிடுகிறது. அந்தப் பெண்ணும் நம்பிவிடுகிறாள். அடுத்த பிரசவத்தில் அவள் மார்பில் போடவே தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நான் கண்டதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்திருந்த பெண். அறுவைப் பிரசவம் என்பதால் பிள்ளையை மார்பில் போடுவதே தாமதமாகியிருந்தது. (நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில் நடந்தன என்று 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது, இந்தத் தாய்மார்களுக்குத்தான் முதல் நாள் உதவி மிகவும் வேண்டியிருக்கிறது.) பிறந்தபோது 2 கிலோ 900 கிராம் இருந்த பிள்ளை, பத்தாம் நாள் 2 கிலோ 600 கிராம் இருந்தது. பிறந்த சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். வளவை (வீட்டின் உள்முற்றத்தை) ஒட்டிய அறையில் அந்தப் பெண் ஒரு மணி நேரத்துக்கு மேல் பால் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நாலு தடவை சப்பும், ‘டக் டக்’ என்று சத்தம் வரும், கடைவாயில் பால் வழியும், பிறகு களைத்துத் தூங்கிவிடும். கீழே கிடத்தினால் உடனே விழித்து அழும். பிள்ளை வாயை எடுத்தபோது நான் காம்பைத்தான் முதலில் பார்த்தேன். உருண்டையாக வெளிவர வேண்டிய காம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சப்பையாகியிருந்தது. நுனியில் இரத்தம் ஓடாத வெள்ளைக் கோடு. பிள்ளை வீறிட்டு அழுதபோது நாக்கு மேலே எழும்பவில்லை. நடுவில் இழுபட்டு நுனி பிளந்த மாதிரி தெரிந்தது. நாக்கின் அடியில் விரலை ஓட்டியபோது, இறுகக் கட்டிய நூல் ஒன்று தடுத்தது.

பிள்ளையின் ஆயா (பாட்டி) என்னிடம், “நாக்குல கட்டு இருக்குன்னு நாங்களும் பாத்தோம் நர்ஸம்மா. பேச்சு வர்றதுக்கு வசம்பு தேய்ச்சாப் போதும்னு சொன்னாக. பால் குடிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாக்குக் கட்டு என்றாலே பேச்சைப் பற்றித்தான் நம் பக்கத்தில் கவலைப்படுகிறார்கள். மருத்துவம் படித்தவர்களிலும் பலர், பேச்சு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் பேச்சு வருவதற்கு நாக்குக் கட்டு பொதுவாகத் தடையாக இருப்பதில்லை. பிறந்த முதல் சில வாரங்களில் பால் குடிப்பதுதான் இதனால் பாதிக்கப்படுகிறது, அந்த வாரங்கள் போனால் திரும்பி வருவதில்லை.

அந்தப் பிள்ளைக்கு முதலில் பிடியைச் சரிசெய்தோம். தாய் சற்றுச் சாய்ந்து உட்கார, பிள்ளையின் வயிறு தாயின் உடம்போடு ஒட்டியிருக்க, மூக்குக் காம்புக்கு நேராக வைத்து, வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்த கணத்தில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுபோனோம். ஓரளவு குணம் தெரிந்தது. வலி தீரவில்லை, எடையும் ஏறவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மருத்துவர் பிள்ளையைத் துணியில் சுற்றி, நாக்கைத் தூக்கிப் பிடித்து, மொட்டை முனைக் கத்தரிக்கோலால் அந்த மடிப்பை மட்டும் வெட்டிவிட்டார். சில நொடி வேலை. சில சொட்டு இரத்தம். உடனே மார்பில் போடச் சொன்னார். தாய்க்கு வலி அன்றைக்கே குறைந்தது. ஆனால் பிள்ளை சரியாகக் குடிக்கப் பழகி எடை ஏறுவதற்கு மேலும் பல நாட்கள் ஆயின. அதுவரை தாயின் பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து, சீராக வந்திருந்த வெள்ளிப் பாலாடையால் (மூக்கு வைத்த சிறு கிண்ணத்தால்) கொடுத்தார்கள். புட்டியைவிடப் பாலாடை நல்லது என்பது பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்று பின்பற்றப்படும் முறைதான். பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் வெள்ளிச் சாமான்களுக்கிடையே அலமாரியில் கிடந்த அது நல்ல நேரத்தில் கைகொடுத்தது.

இதே காலத்தில் கண்ணங்குடிப் பக்கம் விவசாயக் கூலி வேலைக்குப் போகும் ஒரு தாயின் பிள்ளையையும் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு நாக்கின் அடியில் கட்டு கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது. இருந்தும், பிடியை மாற்றிச் சொல்லிக்கொடுத்ததும் இரண்டொரு நாளில் வலி நின்றது, பிள்ளை மளமளவென்று எடை ஏறியது. வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை. கட்டு இருப்பது வேறு, அதனால் பால் குடிப்பது கெடுவது வேறு. வாயை மட்டும் பார்த்தும் முடிவெடுக்க முடியாது, பால் கொடுப்பதை மட்டும் பார்த்தும் முடிவெடுக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நான் எழுதுவதைப் படித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் நாக்கை வெட்டிவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பிறக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நாக்குக் கட்டு உண்டு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறுகிறது. நூற்றுக்கு நாலு முதல் பத்து வரை என்று பரவலாகச் சொல்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் பால் குடிப்பதில் தொல்லை வருகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 302 குழந்தைகள் பங்கேற்ற ஐந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வெட்டிவிடுவதால் தாயின் காம்பு வலி குறுகிய காலத்துக்குக் குறைகிறது என்றும், பிள்ளை பால் குடிப்பதில் முன்னேற்றம் எல்லாச் சோதனைகளிலும் ஒரே மாதிரி தெரியவில்லை என்றும் கூறியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையும், முதலில் பாலூட்டும் முறையில் உதவி, அதற்கும் சரியாகாவிட்டால் மட்டும் வெட்டுவது என்ற வரிசையைத்தான் வலியுறுத்துகிறது. லேசர் என்ற பெயரில் கூடுதல் கட்டணம் வாங்குவதற்கும், மேலுதட்டின் மடிப்பையும் கன்னத்தின் மடிப்பையும் பாலுக்காக வெட்டுவதற்கும் நம்பகமான ஆதாரம் இல்லை. மேலுதட்டில் மடிப்பு இருப்பது பிள்ளைகளுக்கு இயல்பே. பெரிய நகரங்களின் தனியார் மையங்களில் மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டச் சொல்லும் வழக்கம் நம் பக்கத்துக்கும் வந்துவிடக் கூடாது என்று உண்மையிலேயே அஞ்சுகிறேன். அரசு மருத்துவமனையில் நிதானமாகப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், வசதியுள்ளவர்கள் அங்கேதான் போவார்கள். வசதியில்லாதவர்கள் டின்னோடு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

வெட்டுவது சிறு வேலை என்றாலும் அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். இரத்தக் கசிவைத் தடுக்கப் பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டிருக்கிறதா, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்டறிய வேண்டும். கீழ்த்தாடை மிகச் சிறியதாக உள்ள பிள்ளைக்கு வெட்டினால் நாக்குப் பின்னால் சரிந்து மூச்சு தடைப்படலாம். நாக்கின் அடியில் உமிழ்நீர்க் குழாய்கள் உள்ளன, அவற்றில் வெட்டு பட்டுவிடக் கூடாது. பழைய நாளில் மருத்துவச்சி நகத்தால் கீறிவிட்டார் என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம் கிராமங்களில் உண்டு. அது ஆபத்து என்பதை உங்கள் துறை தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பரிசோதனைக்கு ஓர் எளிய முறை ஏற்கெனவே இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாக்கப்பட்ட மதிப்பீட்டு முறையில் நான்கை மட்டும் பார்க்கிறார்கள்: நாக்கு நுனியின் தோற்றம், மடிப்பு கீழ் ஈறில் ஒட்டியிருக்கும் இடம், அழும்போது நாக்கு எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 8, குறையக் குறைய நாக்கின் இயக்கம் குறைவு என்று பொருள். படம் போட்டு விளக்கிய வடிவமும் உண்டு. அதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பிரசவ அறையிலும் ஒட்டிவைத்தால், பணிக்குப் புதிதாக வந்த செவிலியர்கூட ஒரு வாரத்தில் பழகிவிடுவார்.

வீடு தேடிச் சென்று பார்க்கும் ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறது. மருத்துவமனையில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தேசிய அளவிலான நடைமுறை. அந்தப் படிவத்தில் தாய்ப்பால் கொடுக்கிறாரா என்ற கேள்வி இருக்கிறது. ஆம் என்று டிக் அடித்தால் முடிந்துபோகிறது. கொடுக்கும்போது வலிக்கிறதா, பிள்ளை விட்ட பிறகு காம்பு எப்படி இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை மூத்திரம் போகிறது என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்தால், உள்ளே இருக்கும் சங்கடம் வெளியே வந்துவிடும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் உள்ளன. நாக்குக் கட்டு இல்லை. பட்டியலை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனால் அண்ணத்தைப் பார்க்க வாயைத் திறக்கும் அதே செவிலியர் நாக்கையும் தூக்கிப் பார்க்கத் தடை ஏதும் இல்லையே.

மூத்திரக் கணக்கை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊர் வெயில். பால் போதாத பிள்ளை, சித்திரை வைகாசி வெக்கையில் வெகு சீக்கிரம் வற்றிவிடுகிறது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது தெளிவாக மூத்திரம் போக வேண்டும். துணியில் செங்கல் நிறக் கறை படிவது, எழுப்பினாலும் எழாமல் தூங்குவது, உடம்பில் மஞ்சள் நிறம் கூடுவது, உடம்பு சுடுவது எல்லாம் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். ஆனால் வீடுகளில் இதைத் தாகம் என்று எண்ணிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறார்கள். சிலர் தெருவில் வரும் கழுதைப்பாலை வாங்கிச் சங்கில் புகட்டுகிறார்கள். வயிறு தண்ணீரால் நிறைந்த பிள்ளை மார்பில் இன்னும் குறைவாகவே குடிக்கிறது. இன்னொரு பக்கம், பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை என்று தாய்க்கு வேளை தவறாமல் சமைத்துப் போடுகிறார்கள். அந்த அக்கறை மதிக்கத்தக்கது. அவளுக்கு அந்தச் சாப்பாடு தேவையும்கூட. ஆனால் பிள்ளை இழுக்காத மார்பில் எந்தச் சாப்பாடும் பாலைத் தக்கவைக்காது.

பவுடர் பால் குறித்து ஒரு வார்த்தை. சில பிள்ளைகளுக்குச் சில நாட்கள் அது தேவைப்படும். எடை வேகமாகக் குறையும் பிள்ளையைப் பட்டினி போட்டு வைராக்கியம் காட்டச் சொல்பவள் அல்ல நான். பால் பவுடரை விளம்பரப்படுத்துவதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் தடை செய்யும் சட்டம் 1992 முதல் நம் நாட்டில் இருக்கிறது. விளம்பரமே இல்லாமல், ‘பால் இல்லை’ என்ற ஒரு சொல்லிலேயே டின் விற்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். டின் எழுதும் மருத்துவர், பால் கொடுப்பதை யார் பார்த்தார், வாயில் என்ன இருந்தது, எதனால் பவுடர் பால், எத்தனை நாளுக்கு என்பதையும் அதே சீட்டில் எழுத வேண்டும் என்று நீங்கள் உத்தரவிட வேண்டும்.

கடைசியாக, தூரம். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் தலா ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வயிற்றில் தையல் போட்ட பெண், பத்து நாள் பிள்ளையோடு பேருந்தில் அவ்வளவு தொலைவு போய்வர முடியாது. கார் வைத்துப் போக எல்லாராலும் இயலாது. மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை வைத்திருக்கிறோம். அவர் பிறந்த புதுக்கோட்டை நமக்கு அடுத்த ஊர். அந்தத் திட்டத்தில் கிடைக்கும் பணத்தைக் கார் வாடகைக்குக் கொடுத்தேன் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், ஒரு குழந்தை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், பாலூட்டுவதில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் ஆகிய மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து இத்தகைய பிள்ளைகளைப் பார்த்தால், தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் பக்கத்துத் தாய்மார்கள் காலையில் வந்து மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். வெட்டிய பிள்ளையை ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதும் அங்கேயே நடக்கும். வெட்டியதோடு கைவிட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும்.

இந்தப் பெண்கள் யாரும் உங்களிடம் மனுக் கொடுக்க வர மாட்டார்கள். பால் இல்லாதவள் என்ற பேச்சைப் புகுந்த வீட்டில் கேட்டுக்கொண்டு, தன் உடம்பில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு, இராத்திரியில் புண்ணான மார்போடு விழித்திருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்காகத்தான் நான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம் வருகிறது. வழக்கம்போல் பேரணியும் கருத்தரங்கும் நடக்கட்டும். அதற்கு முன்னதாக நடக்கும் மாதாந்திர ஆய்வுக் கூட்டம் ஒன்றில், வீட்டுக்கு அனுப்புமுன் வாயையும் பாலூட்டலையும் பார்த்து அட்டையில் பதிய வேண்டும் என்ற உத்தரவையும், காரைக்குடியில் வாராந்திரச் சிகிச்சை நாள் என்ற ஏற்பாட்டையும் முடிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நாளில் ஆள் தேவைப்பட்டால், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் என் சொந்தச் செலவில் வந்து, பிள்ளையைப் பிடிக்கவைக்கும் முறையைக் கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காரைக்குடி வட்டம்.